அந்தக் காகிதத்துல உன் பேர் இல்லை

என் ராசா கைஸ்,

நீயும் மருமகளும் குட்டி ஜூடும் அந்தக் கனடாப் பனியூர்ல உடம்புக்கு ஒரு குறையும் இல்லாம இருக்கணும்னு தினம் அஞ்சு வேளையும் அல்லாகிட்ட கேக்குறேன். இங்க நாங்க இருக்கோம். நல்லா இருக்கோம்னு எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை அந்த வார்த்தைக்குப் போக மாட்டேங்குது, அதனால இருக்கோம்னு மட்டும் எழுதிக்கிறேன். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி பழைய மாதிரிதான், மாத்திரையைக் குடுத்தா முழுங்கின மாதிரி நடிச்சிட்டுத் தலையணைக்கு அடியில ஒளிச்சு வைக்கிறார். வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டிருக்கு. உன் தங்கச்சி ஹாலா மாசமா இருக்கா, இது மூணாவது, இதுவும் பொண்ணாத்தான் இருக்கும்னு அவ மாமியார் இப்பவே மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கா. ஆலிவ் இந்த வருஷம் பரவாயில்லை, கிழக்குச் சரிவுல இருக்கிற நம்ம மரங்ககிட்டதான் போக விடலை, மலைமேல குடியேறினவங்க வேலியைக் கீழ வரைக்கும் இழுத்துட்டாங்க, அதைப் பத்தி எழுதினா உனக்குச் சாப்பாடு இறங்காது, விடு. ஜூட் போட்டோ வந்துச்சு. அந்த மூக்கு நம்ம வீட்டு மூக்கு, யாரும் மாத்திச் சொல்ல வேண்டாம். பிள்ளைக்குக் காதை நல்லா மூடி வை, உங்க ஊர் டாக்டருங்க என்ன வேணா சொல்லட்டும், குளிர் காது வழியாத்தான் உள்ள போகும்.

போன்ல மூணு தடவை கேட்டுட்டே, நம்ம தொட்டி போட்டோ எங்கம்மான்னு. உன்கூட லாரி ஓட்டுறவங்ககிட்ட எல்லாம் பெருமையா சொல்லி வச்சிருக்கியாமே, எங்க ஊர்ல வெளிநாட்டு உதவிக்காரங்க தேர்ந்தெடுத்த ஒம்பது வீட்டுல எங்க வீடும் ஒண்ணு, எங்கம்மாவுக்கு இனிமே வாசல்லயே தண்ணின்னு. நான் கேமராவுல ஃபிலிம் இல்லை, கழுவுற கடைக்காரன் ஊர்ல இல்லைன்னு ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு சொன்னேன். ஃபிலிம் எல்லாம் இருக்கு கண்ணு. அந்தத் தொட்டி பக்கத்துல நிக்கத்தான் எனக்கு மூஞ்சி இல்லை. இதைப் போன்ல சொல்ல முடியாது, நீ ஸ்பீக்கர்ல போட்டுடுவே, மருமக வேற பக்கத்துல நின்னுக்கிட்டு மாமி மாமின்னு கூப்பிடுவா, நான் அப்படியே சுருண்டுடுவேன். உன் சித்தப்பா மகன் நிதால் நாளைக்கு அங்க கிளம்புறான், அவன்கிட்ட குடுத்து விடுறேன். தனியா இருக்கும்போது படி. உன் அப்பா வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போயிருக்கார், வர்றதுக்குள்ள எழுதி முடிக்கணும், எழுத்து கோணல் மாணலா இருந்தா பொறுத்துக்கோ.

பக்கத்து வீட்டு ஸப்ஹாவை உனக்கு ஞாபகம் இருக்கும். நீ போன அடுத்த வருஷம் அவ புருஷன் கட்டட வேலையில சாரத்துல இருந்து விழுந்து செத்துட்டான்னு எழுதியிருந்தேன். மூணும் பொண்ணு, மூத்தவளுக்கே இப்பதான் பதிமூணு முடியுது. இங்க குழாய்த் தண்ணி இருபது நாளைக்கு ஒரு தடவை வருது, அதுவும் சளி பிடிச்சவன் மூக்கு மாதிரி ஒழுகிட்டு நின்னுடும். நமக்கு மாடியில ரெண்டு கறுப்பு டாங்க் இருக்கு, அது காலியானா நீ அனுப்புற காசுல தண்ணி லாரியைக் கூப்பிட்டுக்குவோம். ஸப்ஹாவுக்குக் கழுதையும் பள்ளத்து ஊத்தும்தான். பொண்ணுங்க பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கேனைக் கழுதை மேல கட்டிக்கிட்டுக் கீழ இறங்கி ஏறும்ங்க. போன வருஷக் கோடை முடியுற நேரத்துல ஊர் சபைத் தலைவர் அபூ வஹீப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில சொன்னார், வெளிநாட்டுக்காரங்க வீடு வீடா வந்து விசாரிக்கப் போறாங்க, ரொம்பக் கஷ்டப்படுற ஒம்பது வீட்டுக்கு மழைத்தண்ணி பிடிக்கிற தொட்டி தரைக்கு அடியில கட்டித் தருவாங்கன்னு. ஊரே ஒரே வாயா சொல்லுச்சு, முதல் பேர் ஸப்ஹாதான்னு. நானும்தான் சொன்னேன். அடுப்பங்கரையில நின்னு நானே சொன்னேன்.

அவங்க வர்ற அன்னிக்குக் காலையில ஸப்ஹா தலைத்துணி நழுவ ஓடி வந்தா. உம்மு கைஸ்னு உன் பேரை வச்சுத்தான் என்னைக் கூப்பிட்டா, என் மானத்தைக் காப்பாத்து, வெள்ளைக்காரங்க முதல்ல என் வீட்டுக்குத்தான் வர்றாங்களாம், உக்கார வைக்க ஒரு நாற்காலி கிடையாதுன்னா. நம்ம தெருவைப் பத்தி உனக்குச் சொல்லணுமா, ஒரு வீட்டுக்கு விருந்தாளின்னா அது தெருவுக்கே விருந்தாளி. நான் நம்ம கூடத்துல இருந்த மெத்தை நாற்காலி ஆறையும் தூக்கினேன், ரெண்டை நானே தலையில வச்சுக்கிட்டுப் போனேன். சிவப்புக் கம்பளம், தங்கக்கரை போட்ட கப்பு, பெரிய தட்டு, மின்விசிறி, ஜன்னல் திரை வரைக்கும் கழட்டிக் கொண்டு போய் மாட்டினேன். எலுமிச்சை ஜூஸுக்கு நம்ம டாங்க் தண்ணி, நம்ம ஃப்ரிட்ஜ் ஐஸ். அவ வீடு கல்யாண வீடு மாதிரி ஆயிடுச்சு. அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு, நீ போயிடாதே, என் பக்கத்துலயே உக்காருன்னா. உக்காந்தேன்.

வந்தது ரெண்டு பேர். ஒருத்தி அவங்க நாட்டுக்காரி, நிலைப்படியில குனிஞ்சு வர்ற உசரம். இன்னொருத்தி லமீஸ்னு மொழிபெயர்க்கிற பொண்ணு, நம்ம பொண்ணுதான், ஆனா வெளிநாட்டுலயே பொறந்து வளர்ந்து போன வருஷம்தான் அப்பா அம்மாகூட ஊர் திரும்பினவ, வேலையில சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகலை. தண்ணிக்குக் கஷ்டமா இருக்கான்னு கேட்டாங்க. ஸப்ஹா நெஞ்சுல கை வச்சு, அல்லா எங்களுக்கு ஒரு குறையும் வைக்கலை, நீங்க எங்க வாசல்ல கால் வைக்காததுதான் குறையா இருந்துச்சு, அதுவும் இன்னிக்குத் தீர்ந்துதுன்னா. விருந்தாளி முன்னாடி வேற எப்படிச் சொல்லுவா சொல்லு, நீயா இருந்தாலும் நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம். அந்த லமீஸ் பொண்ணு அதை அப்படியே எழுதிக்கிட்டா. குறையில்லை. வேற என்ன தேவைன்னு கேட்டதுக்கு, உங்க நல்ல மனசே போதும்னா ஸப்ஹா, அதையும் எழுதிக்கிட்டா. அப்புறம் பேனா நுனியால நாற்காலியை எண்ணினா, கம்பளத்தைப் பார்த்தா, விசிறியைப் பார்த்தா. ஸப்ஹா நடுநடுவுல என் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தா. பிஸ்கட் தட்டை அவங்க பக்கம் தள்ளுன்னு சொல்றாளாக்கும்னு நினைச்சு நான் தட்டைத் தள்ளி வச்சேன்.

நம்ம வீட்டுக்கு மறுநாள்தான் வர்றதா பேச்சு. ஆனா சாயங்காலத்துக்கு முன்னாடி ராணுவம் ரோட்டை மூடப் போகுதுன்னு டிரைவர் வந்து சொல்லவும், இந்தத் தெருவை இன்னிக்கே முடிச்சிடலாம்னு நேரா நம்ம வீட்டுக்குள்ள வந்துட்டாங்க. கூடத்துல என்ன இருக்கு? நாலு சுவரும் ஒரு கோரைப்பாயும். திரை மாட்டியிருந்த ஆணி தெரியுது. தரையில நாற்காலிக் கால் அழுத்தின தடம்கூடத் தெரியுது. டீயைத் தகர டம்ளர்ல குடுத்தேன், நல்ல கப்பெல்லாம்தான் அங்க இருக்கே. அந்த உசரக்காரம்மா டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு சுத்திப் பார்த்தா, கண்ணு கலங்கிடுச்சு. எனக்கு முதல்ல சிரிப்புதான் வந்துச்சு கைஸ், அல்லா மேல ஆணை. இப்பத்தானே அம்மா என் நாற்காலியில உக்காந்துட்டு வந்தீங்கன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா ஸப்ஹா மானம் போகுமேன்னு வாயை மூடினேன். அந்த ஒரு நிமிஷம் வரைக்கும் நான் நல்லவதான். அதுக்கு அடுத்த நிமிஷத்துக்குத்தான் எனக்கு மன்னிப்பு கிடையாது.

கூடத்துல மிச்சம் இருந்தது ஒண்ணே ஒண்ணு, பட்டம் வாங்கின அன்னிக்கு எடுத்த உன் படம், சுவர்ல. லமீஸ் ஃபாரத்தைப் புரட்டி, உங்களைப் பார்த்துக்கிற பெரிய மகன் யாராவது இருக்கானா காலான்னு கேட்டா. என்னைச் சின்னம்மாங்கிற மாதிரி காலா போட்டுக் கூப்பிடுறா, பக்கத்து வீட்டுல ஒரு மணி நேரமா எல்லாரும் என்னை உம்மு கைஸ், உம்மு கைஸ்னு கூப்பிட்டதைக் காதால கேட்டவ. கைஸோட அம்மான்னா கைஸ்னு ஒருத்தன் இருக்கணும்னு அந்தப் பொண்ணுக்கும் தோணலை. நான் எழுந்து சுவர்ல சாய்ஞ்சு நின்னேன். சும்மா சாயலை, உன் படத்துக்கு முன்னாடி போய் நின்னேன். என் தலைத்துணி உன் மூஞ்சியை மறைக்கிற மாதிரி நின்னுக்கிட்டு, தலையைப் பின்னால சாய்ச்சு, புருவத்தைத் தூக்கி, நாக்கால ச்சுன்னு ஒரு சத்தம் போட்டேன். நம்ம ஊர்ல அதுக்கு என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியும், அந்தப் பொண்ணுக்கும் அது ஒண்ணு தெரிஞ்சிருந்துச்சு. இல்லைன்னு எழுதிக்கிட்டா. வாயால பொய் சொல்லலையேன்னு நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டேன் பாரு, அந்தக் கேவலத்தை எங்க போய்ச் சொல்ல.

ஏம்மா அப்படிப் பண்ணினேன்னு கேப்பே. தண்ணி லாரிக்காரன் ரஷாத் ஒவ்வொரு தடவையும் கெஞ்ச விடுறான், அந்த வெறுப்பு ஒண்ணு. லாரியைக் கூப்பிடும்போதெல்லாம் நீ அங்க ஐஸ் ரோட்டுல விடிய விடிய ஓட்டுறது கண்ணுல வந்து நிக்கும், நாம குடிக்கிறது பிள்ளையோட தூக்கம்னு தோணும், ஒரு தொட்டி இருந்தா அவனுக்குக் கொஞ்சம் பாரம் குறையுமேன்னு நினைச்சேன், அது ஒண்ணு. ஆனா உனக்காகத்தான் பண்ணினேன்னு சொல்லி உன் தலையில கட்டப் பார்த்தா அதைவிட ஈனத்தனம் வேற இல்லை. ஆசைப்பட்டேன். இலவசமா ஒண்ணு வாசலுக்கு வந்துச்சு, கையை நீட்டிட்டேன். அவ்வளவுதான்.

பட்டியல் வந்துச்சு, ஒம்பதுல என் பேர் மூணாவது, ஸப்ஹா பேர் இல்லவே இல்லை. அவதான் முதல்ல வந்தா. வாசல்ல நின்னு குலவை போட்டா, டீயில போடுற சேஜ் இலை ஒரு கட்டு குடுத்தா, உன் வீட்டுக்கு வந்தது என் வீட்டுக்கு வந்த மாதிரின்னா. நாற்காலியை எல்லாம் அதுக்கு முன்னாடியே ஒவ்வொண்ணாத் துடைச்சுக் கொண்டு வந்து வச்சிருந்தா. அப்புறம் மிஷின் வந்து முற்றத்தைத் தோண்டுச்சு, சிமெண்ட் பூசினாங்க, இரும்பு மூடி போட்டாங்க, சுவர்ல ரெண்டு கொடி வரைஞ்ச பலகை ஒண்ணு அடிச்சாங்க. உன் அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது, அவங்க விசாரிக்க வந்த அன்னிக்கு அவர் மேய்ச்சல்ல இருந்தார். கொத்தனாருங்களுக்கு அவரே டீ ஊத்திக் குடுத்தார், அவ்வளவு சந்தோஷம்.

வேலை முடிஞ்சு ஒப்படைக்கிற அன்னிக்கு லமீஸ் காகிதத்தோட வந்து கையெழுத்துக்கு முன்னாடி எல்லாத்தையும் வாசிச்சா. பெண் மக்கள் ஒண்ணு, கட்டிக் குடுத்தாச்சு. ஆண் மக்கள் இல்லைன்னு வாசிச்சா. உன் அப்பா சிரிச்சார். என்னம்மா, உள்ள வரும்போதே அபூ கைஸ் ஸலாம்னு சொன்னியே, அந்தக் கைஸ் யாரு, நம்ம வெள்ளாடான்னு கேட்டார். அந்தப் பொண்ணு பேனாவைப் பிடிச்சுக்கிட்டு என்னைப் பார்த்தா, உன் அப்பாவும் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். அவர் சிரிப்பு நின்னுச்சு. பேர் வச்சது நான், அழிச்சது நீயான்னு கேட்டார், ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போயிட்டார். கையெழுத்து நான் போட்டேன். அன்னியிலிருந்து அவர் அந்தத் தொட்டித் தண்ணியில முகம்கூடக் கழுவுறதில்லை. முழங்கால் வலியோட பள்ளிவாசல் வரைக்கும் போய் ஒரு கேன் தூக்கிட்டு வந்து அதைத்தான் குடிக்கிறார். ஏன்னு ஊர் கேட்டா, பள்ளிவாசல் தண்ணி வயித்துக்கு நல்லதுங்கிறார். என்கிட்ட ஆட்டைப் பத்திப் பேசுவார், வேற பேச்சு இல்லை.

மழை இந்த வருஷம் கொட்டித் தீர்த்துச்சு. தொட்டி கழுத்து வரைக்கும் ரொம்பிடுச்சு. மூடியைத் திறந்தா என் மூஞ்சிதான் தெரியும், டக்குன்னு மூடிடுவேன். அந்த மழையிலதான் ஸப்ஹாவோட நடு மக வர்தா ஊத்துப் பாதையில சறுக்கி விழுந்தா, கேன் மேல விழுந்து முழங்கைக்குக் கீழ எலும்பு உடைஞ்சு போச்சு. பதினோரு வயசுப் பிள்ளை. கலீல் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியில செக்போஸ்ட்ல ரெண்டு மணி நேரம் நிறுத்தி வச்சாங்களாம், பிள்ளை கத்தவே இல்லையாம். அதைக் கேட்டதும் என்னால இருக்க முடியலை. ஒரு பாட்டில் எண்ணெயை எடுத்துக்கிட்டுப் போனேன்.

ஸப்ஹா காபி கொண்டு வந்தா. நான் கப்பைத் தொடலை, வச்ச இடத்துலயே விட்டேன். அவளுக்குப் புரிஞ்சிடுச்சு, ஒண்ணு கேட்டு வந்தவதானே காபியைக் குடிக்காம வைப்பா. குடி உம்மு கைஸ், நீ கேட்டது தந்தாச்சுன்னா, வழக்கமா சொல்றதுதான். நான், அவசரப்பட்டு வாக்குக் குடுக்காதே, முதல்ல கேளுன்னு சொல்லிட்டு எல்லாத்தையும் கொட்டினேன், படத்தை மறைச்சது, நாக்கால சத்தம் போட்டது, எதையும் விடலை. அவ வர்தாவோட கட்டுப் போட்ட கையைத் தடவிக்கிட்டே கேட்டா. முடிச்சதும், உன் பிள்ளையை மறைச்ச கதை எனக்குத் தெரியாது, நாற்காலி கதை தெரியும்னா. அப்புறம் அவ சொன்னதை அப்படியே எழுதுறேன். அன்னிக்கு உன்னை என் பக்கத்துல எதுக்கு உக்காரச் சொன்னேன் உம்மு கைஸ்? பிஸ்கட் தட்டைத் தள்ளவா? புருஷன் இல்லாத வீட்டுல அந்நியங்க முன்னாடி தொண்டை காயுதுன்னு என் வாயால எப்படிச் சொல்லுவேன்? நான் குறையில்லைன்னு சொல்லணும், நீ குறுக்க விழுந்து, இவ பேச்சைக் கேக்காதீங்க, இவ வீம்புக்காரி, இந்த நாற்காலி எல்லாம் என் வீட்டுது, இவ பொண்ணுங்க கழுதை பின்னாடி அலையுதுங்கன்னு சொல்லணும், அதுக்குத்தானே பக்கத்து வீடுன்னு ஒண்ணு இருக்கு? எத்தனை தடவை உன்னைத் திரும்பிப் பார்த்தேன் தெரியுமான்னா. கைஸ், எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ள போயிடலாம் போல இருந்துச்சு. இத்தனை மாசமா நான் செஞ்ச தப்பு என் வீட்டுல செஞ்சதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அது அவ வீட்டுலயே ஆரம்பிச்சிருக்கு, அவ பக்கத்துல உக்காந்திருந்தப்பவே.

என் தொட்டியில இருந்து உன் சமையல்கட்டுக்கு ஒரு பைப் போடுறேன், இதுதான் நான் கேட்டு வந்ததுன்னேன். போடு, வேண்டாம்னு சொல்ல எனக்கு வசதி இல்லை, என் பிள்ளை கை உடைஞ்சு கிடக்கு, ஆனா அந்தக் காகிதத்துல நான் குறையில்லாதவ, நீ பிள்ளையில்லாதவ, ரெண்டும் பொய், அதை மாத்திட்டு வா, அப்புறம் காபி குடிக்கலாம்னு சொல்லி ஆறிப்போன கப்பை எடுத்துட்டுப் போயிட்டா. பைப் மறுநாளே போட்டாச்சு, உன் அப்பாதான் போட்டார், நான் சொல்லலை, அவரே மண்ணைத் தோண்டினார்.

போன வாரம் திறப்பு விழா. பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, ரிப்பன், அவங்க நாட்டுல இருந்து பெரிய ஆளுங்க. ஒம்பது வீட்டு சார்பா நன்றி சொல்ல அபூ வஹீப் என்னைத்தான் மேடைக்குக் கூப்பிட்டார், உனக்குத்தான் வாய் நீளம்னு சொல்லி ஒரு சிரிப்பு வேற. நான் சுவர்ல இருந்து உன் படத்தைக் கழட்டி எம்பிராய்டரி அங்கிக்குள்ள வச்சுக்கிட்டுப் போனேன். மைக்கைப் பிடிச்சேன். என் பேர் உம்மு கைஸ், எனக்குக் கைஸ்னு ஒரு மகன் இருக்கான், உயிரோட இருக்கான், கனடாவுல இருக்கான், எங்களைப் பார்த்துக்கிறான், இந்தத் தொட்டி எனக்கு வரவேண்டியதில்லை, ஸப்ஹாவுக்கு வரவேண்டியது, நான் திருடினேன்னு சொல்லி உன் படத்தைத் தூக்கிக் காட்டினேன். அபூ வஹீப் இருமுறார், இருமுறார், நிறுத்தவே இல்லை. லமீஸ் அவங்க பாஷையில ரெண்டே வரி சொன்னா. உடனே பெரிய ஆளுங்க எல்லாம் எழுந்து நின்னு கை தட்டினாங்க. நான் திருடின்னு சொல்றேன், அவங்க கை தட்டுறாங்க. அந்த உசரக்காரம்மா வந்து என்னைக் கட்டிப் பிடிச்சு, உன் படத்தைப் பார்த்து நெஞ்சுல கை வச்சா. பலகைக்குப் பக்கத்துல நிக்க வச்சுப் போட்டோ எடுத்தாங்க.

பந்தல் பின்னாடி லமீஸைப் பிடிச்சு என்னடி சொன்னேன்னு கேட்டேன். அழுதுட்டா. இந்த அம்மா தன் மகன் பேரால உங்களுக்கு நன்றி சொல்றாங்கன்னு சொல்லியிருக்கா. நான் எழுதினது தப்புன்னு நானே சொன்னா என் வேலை போயிடும் காலா, அடுத்தாப்புல இருபது வீட்டுக்குத் தொட்டி வருது, அதுவும் நின்னு போயிட்டா ஊர் என்னைச் சும்மா விடுமான்னா. பாவம், அவளும் பிள்ளைதான். அபூ வஹீப் வந்து, அந்த இருபது வீட்டுக்குக் கையெழுத்து ஆகுற வரைக்கும் நீ வாயைத் திறந்தா தெருவுல நடக்க முடியாதுன்னார். சரி, அந்த இருபதுல ஸப்ஹா இருக்காளான்னு கேட்டேன். இல்லையாம். அதே பழைய ஃபாரத்துல இருந்துதான் எடுக்கிறாங்களாம், குறையில்லைன்னு எழுதினவளை எப்படிச் சேர்க்கிறதுன்னு கேக்குறார். வெளியில இருந்து எழுத்துல ஏதாவது வந்தா மறுபடி விசாரிச்சே ஆகணும்னு லமீஸ்தான் கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சொன்னா.

அதனாலதான் ராசா இந்தக் கடிதம். அவங்க பாஷை உனக்குத் தெரியும். அவங்க ஆபீஸ் விலாசத்தைப் பலகையில இருந்து பார்த்துப் பின்பக்கம் எழுதியிருக்கேன். நீ எழுது. பெய்த் ஸுமாக் ஊர்ல நஜ்மிய்யான்னு ஒருத்திக்கு மகன் இல்லைன்னு எழுதியிருக்கீங்களே, அந்த இல்லாத மகன் நான்தான்னு எழுது. பக்கத்து வீட்டு ஸப்ஹா குறையில்லைன்னு சொன்னது மரியாதைக்குச் சொன்னது, அந்த நாற்காலி எல்லாம் எங்க வீட்டு நாற்காலின்னு எழுது. லமீஸ் மேல ஒரு சொல் வரக்கூடாது, அந்தப் பொண்ணை ஏமாத்தினது என் அம்மான்னு எழுது, கூச்சப்படாதே, எழுது. இதனால அந்த இருபது வீட்டுக்கும் கெடுதல் வந்துடுமோன்னு எனக்குப் பயமா இருக்கு, வராதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா நான் சும்மா இருந்தா ஸப்ஹா காலம் பூரா குறையில்லாதவளாவே இருந்துடுவா, அதுக்கு மட்டும் என்னால சும்மா இருக்க முடியாது. அடுத்த மாசம் முடியுறதுக்குள்ள கையெழுத்தாம், தள்ளிப் போடாதே.

நீ கேட்ட போட்டோவையும் இதோட வச்சிருக்கேன், லமீஸ் ஒரு பிரதி குடுத்தா. நான், தொட்டி, பலகை, என் கையில உன் படம், எல்லாம் தெரியும். பார்த்துட்டு நீயே வச்சுக்காதே, அதையும் கடிதத்தோட அவங்களுக்கு அனுப்பு. உன் கூட்டாளிங்ககிட்ட காட்டுறதும் காட்டாததும் உன் இஷ்டம். விழா முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்ப உன் அப்பா பள்ளிவாசல் கேன்ல இருந்து கெட்டிலுக்குத் தண்ணி ஊத்தி, ரெண்டு கப் போடுன்னார். ரெண்டுன்னு சொன்னார் கைஸ், அதுவே எனக்குப் பெரிசு. தொட்டித் தண்ணியை இன்னும் தொடலை, என் மகன் பேர் அந்தக் காகிதத்துல ஏறட்டும், அப்புறம் பார்க்கலாம்கிறார்.

அல்லா உன் ரோட்டை எல்லாம் காயவச்சுக் குடுக்கட்டும், உன் கை சம்பாதிக்கிறதுல பரக்கத் வைக்கட்டும், ஜூடுக்கு நீண்ட ஆயுசு குடுக்கட்டும், உங்க வீட்டு வாசல்ல யாரும் தாகத்தோட நிக்காம இருக்கட்டும். கம்பளிக் காலுறை போட்டுக்கிட்டு வண்டி ஓட்டு. பேப்பர் எடுத்து இன்னிக்கே எழுது, நாளைக்குன்னு வைக்காதே. தெருமுனையில உன் அப்பா வர்றது தெரியுது, கேனோட நொண்டி நொண்டி வர்றார், நான் முடிச்சுக்கிறேன். உன் பேரைச் சேர்த்து முப்பத்தோரு வருஷமா போடுற கையெழுத்தை இந்தக் கடிதத்துல போட எனக்கு அருகதை இல்லை, நீ இருக்கேன்னு நீயே அவங்களுக்கு எழுதின பிறகு போட்டுக்கிறேன்.

இப்போதைக்கு,
நஜ்மிய்யா